ஜோடி நாலு

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலை மாற்றி, "அப்ப நாங்க கெளம்புறோம்" என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. அவர்கள் திரும்பிப் போகவேண்டிய மன்றாசி வளைவில், மழைக்கு, பெரிய டர்பன்டைன் மரம் ஒன்று மண்ணோடு சரிந்து ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துவிட்டதாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மரத்தை அறுத்து மண்ணை அள்ளி வாகனத்துக்கு வழி விடுவதற்குப் பொழுது சாய்ந்துவிடும் என்றார்கள்.

"அதனால என்ன, இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று ஜீவராணி சிரித்தபடி சொன்னாள். உள்ளுக்குள் அவர்கள் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

காரணம் இருந்தது. கல்யாணப் பேச்சு எல்லாம் நல்லபடி முடிந்து, தை மாதத்தில் நாளும் குறித்தாயிற்று. எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. மாப்பிள்ளை விஜிதரனின் தாய்மாமன் செல்லசாமி வந்து உட்கார்ந்த உடனேயே, "எங்க பக்கம் வத்தளையில கல்யாண ஹோல் பாத்தாச்சு. ஏசி ஹோல். நீங்க புள்ளைய கூட்டிக்கிட்டு வந்தா போதும்" என்று சொல்லிவிட்டார். கேட்கவில்லை, சொன்னார். ஜீவராணியின் கணவர் வீரய்யா தலையை ஆட்டினார். நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, பிறகு கொல்லைப்புறம் போய் நின்று யோசிப்பவர்.

ஜீவராணி தலையை ஆட்டவில்லை. "எங்க மாரியம்மன் கோயில்லதான் தாலி கட்டணும்" என்றாள். செல்லசாமி அதைக் காதிலேயே வாங்காமல் பாயாசம் நன்றாக இருக்கிறது என்றார். பேச்சு அந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டு நின்றது.

அவள் பிடிவாதத்துக்குப் பின்னால் ஏழு வருஷம் இருந்தது. மகள் கிருஷாந்தி ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்தபோது ஜீவராணி சைப்ரஸுக்கு வேலைக்குப் போனாள். அந்த ஏழு வருஷமும் பிள்ளையை வளர்த்தது இந்த லயம்தான், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற இந்தச் சனம்தான். அடுத்த காம்பராவில், ஒரு சுவர் தள்ளி இருக்கிற அம்மாக்கண்ணு காலையில் தலை பின்னிவிட்டாள். மஞ்சள் காமாலை வந்து பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லயத்துப் பெண்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். பெரியமனுஷியானபோது சடங்கு செய்ததும் இவர்கள்தான். ஜீவராணி அதைப் போனில் பார்த்தாள். நடுவில் நெட் அறுந்து, மகளின் முகம் அப்படியே அசையாமல் நின்றுபோனது. அன்றைக்கு அவள் மனதுக்குள் ஒன்று முடிவு செய்திருந்தாள்: இந்தப் பிள்ளைக்குத் தாலி ஏறும்போது சுற்றி நிற்கப்போவது இவர்கள்தான்.

வத்தளை ஹோலுக்கு இவர்கள் எப்படி வருவார்கள்? வேலைக்குப் பேர் போடாமல், சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு நாள் யாரால் வர முடியும்? வந்தாலும் கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அம்மாக்கண்ணு கடைசி வரிசையில் உட்காரவா?

மழை விடவில்லை. கூரை இறக்கிய முன் திண்ணையில், இஸ்தோப்பில், பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்தார்கள். செல்லசாமிக்குச் சும்மா இருக்க வராது. டிரைவரைக் கூப்பிட்டுக் காரிலிருந்து சீட்டுக்கட்டு எடுத்துவரச் சொன்னார்.

"முன்னூத்தி நாலு வெளையாடுவமா?" என்றார் வீரய்யா.

"அதெல்லாம் பழசு சம்பந்தி. போக்கர்! வெள்ளவத்தையில எங்க கூட்டாளிமாரோட வாரா வாரம் போடுவேன். ரொம்ப லேசு. ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, அடுத்தவனுக்குக் காட்டக்கூடாது. நடுவுல அஞ்சு சீட்டு விரிப்போம், அது எல்லாருக்கும் பொது. கையில இருக்கிறதையும் நடுவுல கெடக்கிறதையும் சேத்து யாருக்குப் பெரிய சேர்க்கையோ அவனுக்கு எல்லாம். ஒரு ஜோடிய ரெண்டு ஜோடி அடிக்கும், ரெண்டு ஜோடிய மூணு ஒரே சீட்டு அடிக்கும். அவ்வளவுதான். பந்தயம் கட்ட என்ன இருக்கு?"

அடுப்படியில் காய்ந்த கடலை இருந்தது. ஆளுக்கு ஒரு சுண்டு அளந்து வைத்தார்கள். ஒவ்வொரு கைக்கும் முதலில் எல்லாரும் ஒரு சிட்டிகைக் கடலையை நடுவில் வைக்கவேண்டும். அதன்பிறகு தைரியம் உள்ளவன் கூட்டலாம். அடுத்தவன் அதே அளவு வைத்து, சீட்டைக் காட்டு என்று கேட்கலாம், இல்லை சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

செல்லசாமி ஆடிய விதத்தை ஜீவராணி கதவுநிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். அது ஆட்டமே இல்லை. மலையிறக்கத்தில் பிரேக் போடாமல் வருகிற லொறி. சீட்டை அரைக்கண்ணால் பார்ப்பார், சில சமயம் பார்க்கவே மாட்டார். இரண்டு கையாலும் தன் குவியலை அப்படியே நடுவில் தள்ளி, "ஓல் இன்!" என்று கத்துவார். லயத்துக் கோடி வரைக்கும் கேட்கும். எல்லாவற்றையும் வைத்துவிட்டார், கேட்கிறவனும் எல்லாவற்றையும் வைக்கவேண்டும் என்று அர்த்தம். வெறும் கடலைதான், ஆனாலும் ஒவ்வொருவராகச் சீட்டைக் கவிழ்த்தார்கள். செல்லசாமி நடுவில் கிடந்ததை வாரிக்கொண்டு, தன் சீட்டைத் திருப்பிக் காட்டிச் சிரிப்பார். "பாருங்க, எட்டும் மூணும்! ஒண்ணுமே இல்ல! பயந்துட்டீங்களே!"

ஒரு தடவை வீரய்யா கவிழ்த்த சீட்டை ஜீவராணி குனிந்து பார்த்தாள். இரண்டு ராணி.

"ஏங்க, ரெண்டு ராணிய வச்சிக்கிட்டா விட்டீங்க?"

"அவரு எல்லாத்தையும் வச்சிட்டாரே ராணி" என்றார் வீரய்யா பாவமாக.

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. காலையில் நடந்ததும் இதுதானே! அவர் ஹோல் என்று கத்தினார், இவர் கையில் இருந்ததைக் கவிழ்த்தார்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணே, எனக்கும் ஒரு கை போடுங்க."

செல்லசாமி புருவத்தைத் தூக்கினார். "தங்கச்சிக்கு இது தெரியுமா?"

"தெரியும். சைப்ரஸ்ல நான் வேலை செஞ்ச வீட்டம்மாவும் அவங்க கூட்டாளிங்களும் தெனம் பின்னேரம் இதுதான் வெளையாடுவாங்க. ஆளு கொறைஞ்சா என்னைய ஒக்கார வச்சிருவாங்க. நான் நல்லாவே வெளையாடுவேன்."

ஒளிக்கவில்லை, அடக்கமாகவும் சொல்லவில்லை. சொன்னது உண்மை. அந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தி இருந்தாள், உதட்டுச் சாயமும் சிகரெட்டுமாக, எதற்கெடுத்தாலும் எல்லாவற்றையும் தள்ளுகிறவள். அவளிடம் ஜீவராணி மாதக்கணக்கில் தோற்றிருக்கிறாள். தோற்றுத் தோற்றுத்தான் ஒன்று புரிந்தது: இப்படிப்பட்டவர்கள் சீட்டால் ஜெயிப்பதில்லை, எதிரே இருக்கிறவனின் பயத்தால் ஜெயிக்கிறார்கள்.

"கடலைக்கு வெளையாடி என்னத்துக்கு?" செல்லசாமி தொடையைத் தட்டினார். "சும்மா வெளையாடினா எனக்குத் தூக்கம் வரும். ஏதாச்சும் வைங்க."

"கல்யாணத்த வைப்போம்" என்றாள் ஜீவராணி.

வீரய்யா நிமிர்ந்து பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

"நீங்க ஜெயிச்சா வத்தளை ஹோல். நான் வாயத் தொறக்க மாட்டேன். நான் ஜெயிச்சா எங்க கோயில். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"ராணி..." என்று வீரய்யா எழப்போனார். செல்லசாமியின் கண் மின்னியது. பந்தயம் என்று வந்துவிட்டால் அந்த மனிதருக்குப் பின்வாங்கத் தெரியாது. ஹாட்வெயார் கடையை அப்படித்தான் பெருக்கினார், இரண்டு முறை இழந்தும் இருக்கிறார் என்று ஊரில் பேச்சு.

ஆனால் முதலில் வாய் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா சிவபாக்கியம். "கல்யாணம் பண்ணப்போறது புள்ளைங்க. அதுகள கேளுங்க மொதல்ல."

எல்லாரும் திரும்பினார்கள். விஜிதரன், "எனக்கு எங்கன்னாலும் சரி" என்று இழுத்தான். கிருஷாந்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற டீச்சரின் பார்வை. பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"எனக்கு நம்ம கோயில்தான் வேணும். இத்தன பேரு முன்னால அத எப்படிக் கேக்கிறதுன்னுதான் காலையிலருந்து யோசிச்சேன். நீங்க ஆடுங்கம்மா."

அவ்வளவுதான். மூன்று ஆட்டம், யார் இரண்டில் ஜெயிக்கிறாரோ அவர் சொல்வது செல்லும் என்று முடிவானது. ஆளுக்கு ஒரு சுண்டு கடலை. ஒருவருடைய குவியல் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. சீட்டுப் பிரிக்கிற வேலை விஜிதரனுக்கு. மாமாவுக்கும் பயந்தவன், வரப்போகிற மாமியாருக்கும் பயந்தவன். அதனால் நியாயமாகப் பிரிப்பான் என்று அம்மாக்கண்ணுதான் சொன்னாள். அவள் அதற்குள் லயத்தில் பாதியைக் கூட்டிவந்து இஸ்தோப்பு ஓரம் நிறுத்தியிருந்தாள்.

முதல் ஆட்டம்.

"ஓல் இன்!"

ஜீவராணி தன் சீட்டைப் பார்த்தாள். ஒன்பதும் இரண்டும். கவிழ்த்தாள்.

"ஓல் இன்!"

ஆறும் நாலும். கவிழ்த்தாள். இப்படியே போனது. ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகைக் கடலை அவர் பக்கம் போனது. காத்திருப்பதற்கும் விலை உண்டு என்பதுதான் இந்த ஆட்டத்தின் கொடுமை.

"என்னடி ராணி, கொழுந்து கிள்ளுற மாதிரி இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் போட்டுக்கிட்டே இருக்க?" என்றாள் அம்மாக்கண்ணு.

"சும்மா இரு அக்கா."

அடுத்த சீட்டில் இரண்டு ராஜா வந்தது. முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். செல்லசாமி வழக்கம்போலத் தள்ளினார். "ஓல் இன்!"

"பாக்குறேன்" என்று தன் குவியலையும் தள்ளினாள்.

கூட்டம் நெருங்கியது. இனிக் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. இருவரும் சீட்டைத் திருப்பினார்கள். அவள் பக்கம் ராஜா ஜோடி. அவர் பக்கம் ஏழும் மூணும். லயத்துப் பெண்கள் இப்போதே கைதட்டினார்கள். விஜிதரன் நடுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்தான். பத்து. மூணு. அவருக்கும் ஒரு ஜோடி, ஆனால் சின்னது. ஏஸ். ஐந்து. கடைசிச் சீட்டைத் திருப்பும்போது அவன் விரல் தடுமாறியது.

ஏழு.

செல்லசாமிக்கு இரண்டு ஜோடி. இரண்டு ஜோடி ஒரு ஜோடியை அடிக்கும்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" அவர் எழுந்தே விட்டார். "தைரியம் உள்ளவன் பக்கந்தான், தங்கச்சி, சாமி நிக்கும்!"

ஜீவராணியின் காது சூடாகிவிட்டது. ராஜா ஜோடியை வைத்துக்கொண்டு ஏழு மூணிடம் தோற்பதா? வீரய்யா அவள் பக்கம் குனிந்து, "போதும் ராணி, விட்ரு. ஹோலும் நல்லாத்தான் இருக்கும்" என்றார் மெதுவாக.

அவள் ஒரு மிடறு தேத்தண்ணீர் குடித்தாள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. நல்ல சீட்டுக்குக் காத்திருந்தாள், வந்ததும் கேட்டாள். சீட்டு அவள் பக்கம் விழவில்லை, அவ்வளவுதான். இதே கை பத்துத் தடவை வந்தால் பத்துத் தடவையும் இப்படித்தான் ஆடவேண்டும். ஆடினது சரி. விழுந்ததுதான் தப்பு. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டால் அந்த இடத்திலேயே தோற்றுப்போவோம்.

"போடுங்க மாப்பிள்ளை" என்றாள்.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் சீட்டைக் காட்டிலும் மனிதரைப் பார்த்தாள். தள்ளினார், கத்தினார், சிரித்தார், தள்ளினார். நடுவில் ஒரு கையில் மட்டும் வித்தியாசம். அவர் தள்ளவில்லை. நான்கு கடலையை எடுத்து நாசூக்காக நடுவில் வைத்தார். குரல் தேன்போல வந்தது. "என்ன தங்கச்சி, நீங்களும் எவ்வளவு நேரந்தான் விட்டுக்கிட்டே இருப்பீங்க? சின்னப் பந்தயந்தான். வாங்க, வெளையாடுவோம்."

ஜீவராணியிடம் இரண்டு பத்து இருந்தது. அன்றைக்கு வந்ததில் ராஜா ஜோடிக்கு அடுத்தபடி நல்ல சீட்டு. ஆனாலும் அந்தத் தேன் அவளுக்குப் பிடிக்கவில்லை. கவிழ்த்தாள்.

"ச்சே!" என்று செல்லசாமி தன் சீட்டை எறிந்தார். இரண்டு ஏஸ்.

ஓகோ, என்று நினைத்துக்கொண்டாள் ஜீவராணி. கையில் ஒன்றுமில்லாதபோது இரைச்சல். இருக்கிறபோது வா வா என்று அழைப்பு. விருந்துக்கு அரிசி இருக்கிறவன் வாசலில் நின்று கூப்பிடுவான். அரிசி இல்லாதவன் நாயை அவிழ்த்துவிடுவான்.

அதற்கடுத்த கையிலேயே இரைச்சல் வந்தது. "ஓல் இன்!" அவளிடம் ஏஸும் ஜாக்கும். ஜோடிகூட இல்லை. முதல் ஆட்டத்தில் இதைக் கவிழ்த்திருப்பாள்.

"பாக்குறேன்."

அவர் சீட்டு ஒன்பதும் ஐந்தும். நடுவில் விழுந்தது ஒன்றும் அவருக்கு உதவவில்லை. அவளுக்கு ஒரு ஜாக் விழுந்தது. அவள் குவியல் பெருத்தது. இன்னும் சில கைகளில் அவரிடம் மிச்சம் இருந்ததும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அம்மாக்கண்ணு குலவையிட்டாள். ஆளுக்கு ஒன்று. சிவபாக்கியம் அண்ணனைப் பார்க்காமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கியபோது மழை தூறலாக இளைத்திருந்தது. தூரத்தில் மரம் அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டது. செல்லசாமி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டார். தோற்றதில் அவருக்கு ஒரு புத்தி வந்திருந்தது. கொஞ்ச நேரம் நிதானமாக ஆடினார். ஆனால் நிதானம் அவருக்குத் தைத்த சட்டை இல்லை. அங்கே பிடித்தது, இங்கே இறுக்கியது. ஜீவராணி சின்னச் சின்னதாகக் கூட்டினாள், அவர் கவிழ்த்தார், கடலை சிட்டிகை சிட்டிகையாக இந்தப் பக்கம் வந்தது. அவளுடைய குவியல் அவருடையதைவிட இரண்டு பிடி பெரிதாயிற்று. அவர் கால் ஆடத் தொடங்கியது.

விஜிதரன் அடுத்த சீட்டைப் பிரித்தான். ஜீவராணிக்கு ஏஸும் நாலும். அந்த நேரம் பார்த்து, ரோட்டைப் பார்க்கப் போயிருந்த டிரைவர் செல்லசாமிக்குப் போன் அடித்தான். செல்லசாமி போனைக் காதில் வைத்துக்கொண்டே, பந்தயம் வேண்டாம் என்பதற்கு அடையாளமாகப் பாயைத் தட்டினார். அவளும் தட்டினாள். நடுவில் மூன்று சீட்டு விரிந்தது: ராஜா, ராணி, நாலு. அவளுக்கு ஒரு ஜோடி அமைந்தது, ஜோடி நாலு. விரிந்து கிடந்ததிலேயே சின்னச் சீட்டு. இருவரும் தட்டினார்கள். நான்காவது சீட்டு ஒன்பது. தட்டினார்கள். ஐந்தாவது, இரண்டு.

செல்லசாமி போனை வைத்தார். "ரோடு தொறக்கப் போறானாம்" என்றார். அப்போதுதான் நடுவில் கிடந்ததை ஒழுங்காகப் பார்த்தார். ராஜாவும் ராணியும் பக்கம் பக்கமாக அங்கே கிடந்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. எழுந்து முழங்காலில் நின்றார். இரண்டு கையையும் அகல விரித்துக் கடலைக் குவியலை அணைத்தாற்போலத் தள்ளினார். சில கடலைகள் உருண்டு இஸ்தோப்புப் படியில் இறங்கி ஓடின.

"ஓல் இன்! ராஜா இருக்கு தங்கச்சி என்கிட்ட! ஓடிருங்க! புள்ளையோட கல்யாணத்த நாலஞ்சு கடலைக்காக விட்றாதீங்க, ஓடிருங்க!"

ஜீவராணி தன் குவியலைப் பார்த்தாள். கேட்டுத் தோற்றால் அவளிடம் இரண்டு பிடிதான் மிஞ்சும். ஆட்டம் முடிந்த மாதிரிதான். கவிழ்த்தால் நட்டம் ஒன்றுமில்லை, ஒரு சிட்டிகை. இன்னும் நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருக்கலாம். அவர் கையில் ஒரு ராஜா இருந்தால் போதும், ஒரு ராணி இருந்தால் போதும், ஒரு ஒன்பது இருந்தால்கூடப் போதும், அவளுடைய நாலு குப்பைக்குப் போய்விடும்.

பின்னால் அம்மாக்கண்ணு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

ராஜா ஜோடியோடு தோற்ற ஞாபகம் வந்து தோளைப் பிடித்து அழுத்தியது. அதுவே தோற்றது, இது எம்மாத்திரம்? உடனே இன்னொரு எண்ணமும் வந்தது. அவரை ஜெயிக்க ராஜா எதற்கு? அவரிடம் இருக்கிறதைவிட ஒரு இம்மி கூட இருந்தால் போதாதா? அவரிடம் என்ன இருக்கிறது? உண்மையிலேயே ராஜா இருந்தால் இந்த மனிதர் என்ன செய்திருப்பார்? நான்கு கடலையை வைத்து, வாங்க தங்கச்சி, சின்னப் பந்தயந்தான் என்றிருப்பார். ஓடிரு என்று சொல்லியிருக்க மாட்டார். ஓடவேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஓடினால்தான் அவருக்குப் பிழைப்பு.

தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். கிருஷாந்திக்கு இந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் சிரித்தாள்.

"பாக்குறேன்ண்ணே."

செல்லசாமியின் கை அந்தரத்தில் நின்றது. "என்னது?"

"பாக்குறேன். உங்க குவியலுக்குச் சமமா இந்தா வச்சாச்சு. திருப்புங்க."

"நெசமாவா? என்னத்த வச்சிக்கிட்டு?"

"நீங்க திருப்புங்க மொதல்ல."

அவர் திருப்பவில்லை. விஜிதரன்தான் மெதுவாகக் கையை நீட்டி மாமாவின் சீட்டைத் திருப்பினான்.

எட்டு. ஐந்து.

அவ்வளவுதான். ராஜா இல்லை, ராணி இல்லை, ஜோடியே இல்லை. ஜீவராணி தன் சீட்டை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தாள். முதலில் ஏஸ். பிறகு நாலு.

"நாலா?" செல்லசாமி குனிந்து பார்த்தார், நடுவில் கிடந்த நாலைப் பார்த்தார், மறுபடி அவள் நாலைப் பார்த்தார். "ஜோடி நாலு! ஜோடி நாலுக்கா என்னைய கேட்டீங்க? ராஜாவும் ராணியும் கெடக்குது, நான் எல்லாத்தையும் வச்சிட்டேன், ஜோடி நாலுக்கு?"

"ராஜா இருந்திருந்தா நீங்க கத்தியிருக்க மாட்டீங்கண்ணே. என்னைய ஒக்கார வச்சு உபசாரம் பண்ணியிருப்பீங்க."

அதன்பிறகு யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. இஸ்தோப்பு ஓரத்தில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். அம்மாக்கண்ணு ஜீவராணியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து உலுக்கினாள். வீரய்யா எதற்கென்று தெரியாமல் ஓரமாகக் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. சிவபாக்கியம் வெளிப்படையாகவே சிரித்துவிட்டாள்.

"நாப்பது வருஷமா எங்கண்ணன் கத்துது, நாங்க கவுத்துக்கிட்டே இருக்கோம்" என்றாள் ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டு. "நாலு போதும்னு எங்களுக்குத் தெரியாம போச்சே சம்பந்தி!"

எல்லாருடைய கண்ணும் செல்லசாமி மேல் போனது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாயில் கிடந்த சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படப்போகிறார் என்று விஜிதரன் ஓரடி பின்னால் நகர்ந்தான். ஆனால் அவருக்குள் இருந்த அந்தப் பந்தயக்காரன் நேர்மையானவன். தோள் குலுங்கத் தொடங்கியது. பிறகு அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஜெயித்தபோது சிரித்ததைவிடப் பெரிதாக.

"போச்சு! ஹோல் போச்சு!" எழுந்து நின்று லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "கல்யாணம் இங்கதான்! மாரியம்மன் கோயில்ல! எவனும் இனி வத்தளைன்னு பேசக்கூடாது, நான் உட்பட! மேளம் என் செலவு. ஹட்டன்ல இருக்கிறதுலயே நல்ல செட்டு. கேட்டுக்கோங்க!"

"மாமா, அதையாச்சும் கொஞ்சம் யோசிச்சு..." என்றான் விஜிதரன்.

"யோசிச்சு வெளையாடத்தான் தங்கச்சி இருக்காங்களே, நான் எதுக்கு?" என்றவர் ஜீவராணியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். கேலி இல்லை. "காலையில நீங்க கோயில்னு சொன்னப்ப நான் காதுல வாங்கல. தப்புதான். ஒரு சந்தேகம் மட்டும் தீத்து வைங்க. பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயமாத்தான் இருந்துச்சு" என்றாள் ஜீவராணி. "அதுக்காக விட்டுர முடியுமா?"

கார்கள் கிளம்பியபோது தூறல் நின்று, எதிர் மலையில் பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. வழியனுப்பிவிட்டு வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா?" என்றாள் கிருஷாந்தி.

"கோயில் தலைவரு வீட்டுக்கு. நாளு சொல்லி வச்சிட்டு வந்துர்றேன். வேற யாரும் அந்த நாளக் கேட்டுறப் போறாங்க."

"நானும் வாரேன்."

இரண்டு பேருமாகச் சறுக்குகிற படிக்கட்டில் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். செய்தி அவர்களுக்கு முன்னால் போயிருந்தது. மேல் லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். கொழுந்துக் கூடையை இறக்காமலேயே ஒருத்தி நின்று கேட்டாள்.

"ராணியக்கா, கல்யாணம் எங்க?"

"இங்கதான்டி!" என்றாள் ஜீவராணி.

அடுத்த வாசலிலும் அதையே கேட்டார்கள். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோல, "இங்கதான்! இங்கதான்!" என்று குரலெடுத்துச் சொல்லிக்கொண்டே ஏறினாள்.